பை 5-இல் ஓடும் கெர்னல் பை 4-இல் ஏன் எழவில்லை?

கேள்வி: என் ராஸ்பெரி பை 5 கருவிக்கான 64 பிட் லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மைய நிரலை, இன்டெல் செயலி கொண்ட மடிக்கணினியில் கம்பைல் செய்து பயன்படுத்தி வருகிறேன். அதே உள்ளமைவுக் கோப்பைக் கொண்டு பை 4-க்கும் ஒரு கெர்னல் தயாரித்தேன். கம்பைல் செய்தபோது எந்தப் பிழையும் வரவில்லை. ஆனால் கருவியை இயக்கினால் வானவில் நிறத் திரையோடு நின்றுவிடுகிறது. சீரியல் கம்பியிலும் ஓர் எழுத்துகூட வருவதில்லை. எக்ஸ்86 கெர்னலில் செயலிக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருக்கிறது. ஏஆர்எம் பக்கத்தில் 'கோர்டெக்ஸ்-ஏ72' என்று தேர்ந்தெடுக்கும் இடத்தை எங்கு தேடியும் காணவில்லை. எந்தத் தெரிவுகளை மாற்ற வேண்டும்? கம்பைல் நேரத்தையும் குறைக்க வழி உண்டா?

பதில்: நீங்கள் தேடிய அந்தப் பட்டியல் 64 பிட் ஏஆர்எம் கெர்னலில் கிடையாது. 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில் இந்தக் கட்டமைப்பு லினக்ஸில் சேர்ந்த நாளிலிருந்தே, ஒரே கெர்னல் கோப்பு பல நிறுவனங்களின் செயலிகளிலும் ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். எந்தச் செயலியில் ஓடுகிறோம் என்பதைக் கெர்னல் தான் எழும்போதே செயலியின் அடையாளப் பதிவேடுகளைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. அதற்கேற்பத் தன் நிரலின் சில கட்டளைகளை நினைவகத்திலேயே மாற்றி எழுதிக்கொள்கிறது. பை 4-இல் உள்ள கோர்டெக்ஸ்-ஏ72 செயலி, ஏஆர்எம் 8.0 தலைமுறையைச் சேர்ந்தது. பை 5-இல் உள்ள ஏ76, 8.2 தலைமுறையைச் சேர்ந்தது. 8.1-இல் அறிமுகமான புதிய அணுநிலைக் கட்டளைகள் (இடையில் குறுக்கீடின்றி ஒரே வீச்சில் முடிபவை) ஏ76-இல் உண்டு, ஏ72-இல் இல்லை. இருந்தும் அவற்றுக்கான தெரிவை நீங்கள் அணைக்க வேண்டியதில்லை, ஏனெனில் பழைய முறை, புதிய முறை இரண்டும் கெர்னலுக்குள் இருக்கின்றன. எதைப் பயன்படுத்துவது என்பது இயங்கும் நேரத்தில் முடிவாகிறது.

அப்படியானால் உங்கள் கெர்னல் ஏன் எழவில்லை? இயங்கும் நேரத்தில் மாற்றிக்கொள்ள முடியாத தெரிவுகளில் முக்கியமான ஒன்று, நினைவகப் பக்கத்தின் (கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டின்) அளவு. 'கெர்னல் ஃபீச்சர்ஸ்' பட்டியலுக்குள் 'பேஜ் சைஸ்' என்ற தலைப்பில் 4 கேபி, 16 கேபி, 64 கேபி என மூன்று தெரிவுகளைப் பார்ப்பீர்கள். பை 5-க்கென ராஸ்பெரி பை வழங்கும் 'பிசிஎம்2712' இயல்பு உள்ளமைவு 16 கேபியைத் தேர்ந்தெடுக்கிறது. ஏ76 செயலி மூன்று அளவுகளையும் ஏற்கும். ஏ72 செயலியின் வன்பொருள் 4 கேபியையும் 64 கேபியையும் மட்டுமே ஏற்கும். 16 கேபிக்கான முகவரி மாற்றச் சுற்று அதற்குள் இல்லவே இல்லை.

சீரியல் கம்பியின் மௌனத்துக்கும் இதுவே காரணம். கெர்னல் தொடங்கியதும், முகவரி மாற்ற அலகை இயக்குவதற்குச் சற்று முன்பு, தான் கம்பைல் செய்யப்பட்ட பக்க அளவைச் செயலி ஏற்கிறதா என்று ஒரு பதிவேட்டைப் படித்துப் பார்க்கிறது. ஏற்கவில்லை என்றால் மேற்கொண்டு ஓட வழியில்லை. அந்தக் கணத்தில் திரையோ சீரியல் இணைப்போ இன்னும் தயாராகவும் இல்லை. ஆகவே கெர்னல் ஒரு சிறு முடிவிலாச் சுழற்சிக்குள் புகுந்து அங்கேயே உறங்கிவிடுகிறது. யூஇஎஃப்ஐ என்ற தொடக்க நிரல் வழியாக எழும் கணினிகளில் மட்டும், அதற்கு முந்தைய கட்டத்திலேயே 'இந்தப் பக்க அளவை உங்கள் செயலி ஏற்காது' என்ற செய்தி வரும். பை 4 வழக்கமாக அந்த வழியில் எழுவதில்லை என்பதால் உங்களுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை.

இதைக் கருவியில் ஏற்றிப் பார்க்காமலே உறுதி செய்துகொள்ளலாம். கம்பைல் முடிந்ததும் 'ஆர்ச்' அடைவின் 'ஏஆர்எம்64' பகுதியில், 'பூட்' என்ற உள் அடைவில் 'இமேஜ்' என்ற கோப்பு உருவாகியிருக்கும். அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே பக்க அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மடிக்கணினியில் 'ஃபைல்' என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மீது ஓட்டினால், அது 64 பிட் ஏஆர்எம் கெர்னல் என்பதோடு 4 கேபியா 16 கேபியா என்பதையும் சொல்லிவிடும். பை 4-க்கான எந்தக் கெர்னலையும் அட்டையில் எழுதுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்யும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி, பை 5-இன் கோப்பைத் திறந்து 16 கேபியை 4 கேபியாக மாற்றினால் போதுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் எழும், ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பக்க அளவோடு பிணைந்த தெரிவுகள் வேறு சிலவும் உண்டு. 4 கேபியில் மெய்நிகர் முகவரிக்கு 39 பிட் என்றால் பக்க அட்டவணை மூன்று அடுக்குகளும், 48 பிட் என்றால் நான்கு அடுக்குகளும் கொண்டிருக்கும். 16 கேபியில் 47 பிட் முகவரிக்கே மூன்று அடுக்குகள் போதும். 32 பிட் நிரல்களை ஓட்டும் ஆதரவும் 4 கேபியில் இயல்பாகத் தோன்றும். மற்ற அளவுகளில் 'எக்ஸ்பர்ட்' தெரிவை இயக்கினால்தான் கண்ணில் படும். ஒன்றை மாற்றும்போது இவையெல்லாம் நீங்கள் எதிர்பாராத இயல்பு மதிப்புகளுக்குச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடக்கூடும். பை 4-க்கென்றே இருக்கும் 'பிசிஎம்2711' இயல்பு உள்ளமைவிலிருந்து புதிதாகத் தொடங்கி, உங்களுக்கு வேண்டிய மாற்றங்களை மட்டும் அதன்மேல் சேர்ப்பதே சரியான வழி. கெர்னல் மூலநிரலின் 'ஸ்கிரிப்ட்ஸ்' அடைவில் 'டிஃப்கான்ஃபிக்' என்றொரு சிறு கருவி இருக்கிறது. உங்கள் பை 5 உள்ளமைவை அதன் இயல்பு உள்ளமைவோடு ஒப்பிட்டால், நீங்கள் உண்மையில் மாற்றியவை எவை என்ற குறும்பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலை மட்டும் புதியதற்குக் கொண்டு செல்லுங்கள்.

மடிக்கணினியில் இதைச் செய்யும்போது கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு 'மேக்' கட்டளையிலும் 'ஆர்ச்' மாறிக்கு 'ஏஆர்எம்64' என்ற மதிப்பும், 'கிராஸ் கம்பைல்' மாறிக்கு உங்கள் கம்பைலரின் முன்னொட்டும், அதன் இறுதி இடைக்கோடு உட்பட, இருக்க வேண்டும். 'மெனுகான்ஃபிக்' என்ற தெரிவுப் பட்டியலைத் திறக்கும்போது மட்டும் முதல் மாறியை மறந்துவிட்டால், கெர்னல் உங்கள் மடிக்கணினியின் எக்ஸ்86 கட்டமைப்பையே எடுத்துக்கொள்ளும். சேமித்துவிட்டு வெளியேறிய நொடியில் ஏஆர்எம் தொடர்பான தெரிவுகள் அத்தனையும் கோப்பிலிருந்து போய்விடும். அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம், முந்தைய கோப்பு 'ஓல்டு' என்ற பின்னொட்டோடு அதே அடைவில் இருக்கும். ஆனால் இரண்டாம் முறை சேமித்துவிட்டால் அதுவும் மிஞ்சாது. இரண்டு மாறிகளையும் முனையத்தைத் திறந்தவுடன் 'எக்ஸ்போர்ட்' செய்துவிடுவது நல்லது.

'இர்ராட்டா' என்ற தலைப்பின் கீழ், செயலிகளில் கண்டறியப்பட்ட வன்பொருள் பிழைகளுக்கான மாற்று வழிகள் எண்களோடு வரிசையாக இருப்பதைக் காண்பீர்கள். ஏ53, ஏ57, ஏ76 என்று வேறு செயலிகளின் பெயர்கள் அங்கே நிறைய வருவதால், அவற்றையெல்லாம் அணைத்தால் கெர்னல் இலேசாகும் என்று எண்ணத் தோன்றும். என் கருத்தில் அது வேண்டாத வேலை. இவற்றில் பெரும்பாலானவை, அந்தப் பிழை உள்ள செயலியில் ஓடும்போது மட்டுமே செயல்படும். மற்றவற்றில் அதன் செலவு பொருட்படுத்தத் தக்கதன்று. மாறாக, 1319367 என்ற எண்ணுள்ளது உங்கள் ஏ72-க்கே உரியது. தவறான முகவரி மாற்றம் செயலியின் இடைநினைவில் தங்கிவிடுவதைத் தடுப்பது அதன் பணி. பட்டியலைச் சுத்தம் செய்யும் வேகத்தில் அதையும் சேர்த்து அணைத்தால், பின்னால் வரக்கூடிய கோளாறுக்குக் காரணத்தை எங்கே தேடுவதென்றே தெரியாது. அதே கெர்னலைப் பை 3-லும் ஓட்ட எண்ணினால் ஏ53-க்கான 843419-ஐ எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். தரவை எடுக்கும் அல்லது எழுதும் கட்டளை தவறான முகவரிக்குப் போய்விடும் பிழை அது, அதற்கான தீர்வு கம்பைல் செய்து இணைக்கும் கட்டத்திலேயே நிரலுக்குள் இடப்படுகிறது.

கம்பைலருக்கு 'கேசிஃப்ளாக்ஸ்' மாறி வழியாக 'ஏ72-க்கென்றே கட்டளைகளை அடுக்கு' என்று சொல்லலாமே என்ற யோசனையும் உங்களுக்கு வந்திருக்கும். முடியும், ஆனால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. கெர்னலின் பொது நிரல் மிதவைப் புள்ளி, திசையன் கணக்கீடுகளைத் தவிர்த்தே கம்பைல் செய்யப்படுகிறது. அதற்கு வேண்டிய இடங்களில் கைப்பட எழுதிய அசெம்பிளி நிரல் தனியாக இருக்கிறது. பை 5-க்காக ஏ76 என்று அங்கே எழுதி வைத்திருந்தால் அதைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள், ஏனெனில் ஏ72-க்குத் தெரியாத கட்டளைகளைக் கம்பைலர் இட்டுவிடக்கூடும்.

செயலியின் வேறுபாடு உண்மையாகவே உங்கள் கையில் உணரப்படும் இடம், குறியாக்கம். ஏஆர்எம் 8 தலைமுறையில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான கட்டளைகள் விருப்பத்துக்குரிய ஒரு பகுதிதான். சில்லைத் தயாரிப்பவர் அதைச் சேர்க்கலாம், விடலாம். பை 4-இன் பிசிஎம்2711 சில்லில் அது இல்லை. பை 5-இன் பிசிஎம்2712-இல் இருக்கிறது. எனவே ஏஆர்எம்64-க்கான விரைவுக் குறியாக்கப் பட்டியலில் 'கிரிப்டோ எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று முடியும் ஏஇஎஸ் தெரிவுகள் பை 4-இல் எந்தப் பயனும் தராது. 'நியான்' திசையன் அலகைக் கொண்டு இயங்கும் 'பிட்-ஸ்லைஸ்டு' ஏஇஎஸ் மாட்யூலை (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் துணை நிரலை) வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தரவுத் தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து வைத்திருக்கிறீர்கள் என்றால், 5.0 பதிப்பிலிருந்து கெர்னலில் இருக்கும் 'அடியாண்டம்' என்ற முறையைக் கருதிப் பாருங்கள். ஏஇஎஸ் கட்டளைகள் இல்லாத மலிவு விலைக் கைபேசிகளுக்காகக் கூகுள் பொறியாளர்கள் வடிவமைத்தது அது. தரவின் பெரும்பகுதியைச் 'சாச்சா' முறையில் குறியாக்குவதால் பை 4 போன்ற கருவிகளில் வேகமாக ஓடுகிறது. ஏற்கெனவே ஏஇஎஸ் முறையில் உள்ள தட்டு அப்படியே மாறிவிடாது. தரவைப் பிரதி எடுத்துவிட்டுத் தட்டைப் புதிதாக அமைக்க வேண்டும்.

கம்பைல் நேரத்துக்கு வருகிறேன். இயல்பு உள்ளமைவில், உங்களிடம் இல்லாத நூற்றுக்கணக்கான கருவிகளுக்கான மாட்யூல்களும் சேர்ந்தே கம்பைல் ஆகின்றன. பை 4-இல் 'எல்எஸ்மாட்' கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து மடிக்கணினிக்குக் கொண்டுவாருங்கள். 'எல்எஸ்மாட்' என்ற மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்து 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற இலக்கை ஓட்டினால், அப்போது ஏற்றப்பட்டிருந்த மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். அந்தப் பட்டியலை எடுக்கும் நேரத்தில், எப்போதாவது செருகும் யூஎஸ்பி சீரியல் மாற்றி, ஜிபிஎஸ், கேமரா எல்லாவற்றையும் செருகி இயக்கி வைத்திருக்க வேண்டும். அன்று செருகப்படாத கருவிக்கான டிரைவர் புதிய கெர்னலில் இருக்காது. பிழைத்திருத்தத் தகவல்கள் இயக்கப்பட்டிருந்தால் அவற்றையும் அணைத்துவிடுங்கள். நேரமும் வட்டில் இடமும் கணிசமாக மிச்சமாகும்.

இப்படிக் கத்தரிக்கும்போது, எழுவதற்கே தேவையான டிரைவர்கள் மாட்யூலாக அல்லாமல் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். எஸ்டி அட்டையிலிருந்து எழுவதானால் 'எஸ்டிஎச்சிஐ ஐப்ராக்' டிரைவரும் எக்ஸ்ட்4 கோப்பமைப்பும், யூஎஸ்பி தட்டிலிருந்து எழுவதானால் அவற்றோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் டிரைவரும் உள்ளே இருக்க வேண்டும். பை 4-இன் யூஎஸ்பி 3 கட்டுப்படுத்தி அந்தப் பாதையின் வழியாகத்தான் இணைக்கப்பட்டுள்ளது. இவை மாட்யூலாக இருந்து, எழும் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் இல்லை என்றால், ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்ற பேனிக் (கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாத நிலை) செய்தியோடு கெர்னல் நிற்கும். முழு மௌனம் என்றால் பக்க அளவு போன்ற ஆரம்பக் கட்டச் சிக்கலைச் சந்தேகியுங்கள். வரிகள் ஓடியபின் பேனிக் என்றால் டிரைவரைச் சந்தேகியுங்கள்.

நிறுவும்போது 'லோக்கல் வெர்ஷன்' தெரிவில் உங்களுக்கென ஒரு பின்னொட்டைக் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் புதிய மாட்யூல்கள் தனி அடைவில் அமர்ந்து, பழைய கெர்னலின் மாட்யூல்களை மேலெழுதாமல் இருக்கும். புதிய கெர்னல் கோப்புக்கும் வேறு பெயர் கொடுங்கள். பை எழும்போது படிக்கும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பைப் பிரதியெடுத்து, 'ட்ரைபூட்.டிஎக்ஸ்டி' என்ற பெயரில் அதே பகிர்வில் வைத்து, அதில் மட்டும் 'கெர்னல்' வரியில் புதிய பெயரைக் குறிப்பிட்டு, 'ட்ரைபூட்' தெரிவோடு மறுதொடக்கம் செய்தால் அந்த ஒரு முறைக்கு மட்டும் புதிய கெர்னல் எழும். எழாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுங்கள். பழையது தானே வந்துவிடும். அட்டையைக் கழற்றி மடிக்கணினியில் செருகித் திருத்தும் அலைச்சல் இதனால் மிச்சமாகிறது.

எழுந்தபின் 'கெட்கான்ஃப்' கட்டளையில் 'பேஜ்சைஸ்' கேட்டால் 4096 என்று வர வேண்டும். ஒரே தட்டைப் பை 4-க்கும் பை 5-க்கும் மாற்றி மாற்றிச் செருகுபவராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: நினைவகம் போதாதபோது தட்டில் பயன்படும் ஸ்வாப் பகுதியின் அடையாளக் குறி அதன் முதல் பக்கத்தின் இறுதியில் எழுதப்படுவதால், 16 கேபி கெர்னலில் உருவாக்கிய ஸ்வாப்பை 4 கேபி கெர்னல் ஏற்காது. அந்த நிலையில் பை 5-லும் 4 கேபி கெர்னலையே ஓட்டுவது எளிது, அதன் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் 'கெர்னல்' வரிக்குக் 'கெர்னல்8.ஐஎம்ஜி' என்று கொடுத்தால் போதும், ஸ்வாப்பை ஒருமுறை மட்டும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளுங்கள்.