மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் மேயராக வர ஒரு பெண் தேர்தலில் நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டு இன்றுவரை மீளாததால், நம் வாக்கு நாடாளுமன்றத்துக்கும் 40 தொகுதிகள் கொண்ட மாநிலச் சட்டமன்றத்துக்கும் மட்டுமே. மேயரை மாநில அரசு நியமிக்கிறது. ஆகவே, அரசியல் மேடை ஏறாமல் அலுவலக மேசையிலிருந்தே அந்த நாற்காலிக்கு வரலாம்.

மைமூனா முகமட் ஷரிப் அப்படி வந்தவர். 1985-இல் பினாங்கு நகராண்மைக் கழகத்தில் நகரத் திட்டமிடல் அதிகாரியாகச் சேர்ந்த அவர், மாநிலத் தலைநகர் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய மறு ஆண்டில், அதாவது 2009-இல், அந்த மரபுடைமை வட்டாரத்தைக் கவனிக்கும் நிறுவனத்தின் முதல் பொது மேலாளரானார். (நம் லெபோ பாசார் தெருவின் சேலைக் கடைகளும் மசாலைக் கடைகளும் இருக்கும் பழைய கடைவீடுகள் அந்த எல்லைக்குள்தான் உள்ளன.) 2011-இல் மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் நகராண்மைக் கழகத் தலைவர், 2017-இல் பினாங்குத் தீவு மேயர், 2018-இல் ஐ.நா. வாழிட அமைப்பின் செயல் இயக்குநர், 2024-இல் கோலாலம்பூர் மேயர். அவருக்கு முன்னரே, 2015-இல், தீவின் முதல் மேயரான பத்தாஹியா இஸ்மாயிலும் பெண்தான்.