ஏலக்காட்டுக்குத் தனியாக நடக்கும்போது: கேள்வி பதில்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டிக் கேரளாவின் பூப்பாறைப் பக்கம் 22 வருடம் ஏலக்காய் எடுத்தவள் நான். நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, ஜீப் இறக்கிவிடும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஒத்தையடிப் பாதை. முன்பின் தெரியாத ஆள் வந்து "தனியாவா போறீங்க?" என்று கேட்டால்?

பதில்: "ஆமா" என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்கே நடந்தது. மழை விட்ட நேரம். வளைவில் ஒருவன் நின்றான். அவன் செருப்பில் சேறு காய்ந்து கிடந்தது. வெகுநேரமாக அங்கேயே நிற்கிறான் என்று புரிந்தது. "தனியாவா?" என்றான். நான் மேட்டைப் பார்த்து, "அக்கா, வந்துட்டேன்!" என்று கூவினேன். மேலே ஒருத்தரும் இல்லை. ஆனால் ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளருமே, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இறங்கிப் போய்விட்டான்.

வழி கேட்பவர்களில் பெரும்பாலோர் வழிதான் கேட்கிறார்கள். நடந்துகொண்டே கையைக் காட்டு, போதும். மரியாதைக்காக நிற்காதே.

கேள்வி: அங்கே சிக்னல் இல்லையே?

பதில்: அவசர உதவி எண் 112 போட்டுப் பார். உன் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் கிடைத்தால் போகும். எல்லை என்பதால் எந்த மாநிலத்தில் எடுப்பார்களோ தெரியாது, ஊர் பெயரை முதலில் சொல். கேரளாவில் பெண்கள் பாதுகாப்புக்கான பிங்க் போலீஸ் எண் 1515. எந்த டவருமே இல்லாத பள்ளத்தில் குரல்தான் துணை.

கேள்வி: சம்பவம் கேரளாவில் நடந்தால் போடியில் புகார் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஜீரோ எஃப்.ஐ.ஆர் என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ஆம் பிரிவில் அது இருக்கிறது. எந்த எல்லையில் நடந்தாலும் பதிய வேண்டும். "அந்தப் பக்கம் போம்மா" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லு. அப்பவும் மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். வேண்டாம் என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்னாலேயே வந்து பேச்சுக் கொடுப்பதும் குற்றம்தான்.

கேள்வி: வீட்டில் சொன்னால் வேலையையே நிறுத்திவிடுவார்கள், அக்கா.

பதில்: அந்தப் பயம் எனக்கும் இருந்தது, ரெண்டு வாரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் கூட வேலை செய்கிறவளிடம் சொன்னேன். பார்த்தால் எங்களில் மூன்று பேர் அதே ஆளை அதே வளைவில் பார்த்திருக்கிறோம்! சேர்ந்து போய்க் கங்காணியிடம் கேட்டோம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஜீப் தோட்ட வாசல் வரைக்கும் வந்தது.