வெளியூர் வேலைக்குப் போய் மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டவர்கள், வயிற்றையும் பர்ஸையும் எப்படிச் சமாளித்தீர்கள்?

முதல் நான்கு மாதம் சமாளிக்கவே இல்லை. அந்தக் கூத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். ஆஸ்பத்திரி லேப்களில் இருக்கிற ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. 2017 ஜூனில் கோழிக்கோட்டில் போட்டார்கள். 2019 கடைசி வரை இரண்டரை வருஷம் அங்கேதான். மாவூர் ரோட்டுக்குப் பின்பக்கம் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை. அடுப்பு கிடுப்பு வைக்கக் கூடாது என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள். ஆக, மூன்று வேளையும் கடை.

போய் இறங்கியதும் நம்ம ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றுதான் தேடினேன். கிடைத்தது. பத்து நிமிஷ நடை, போர்டில் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். எழுத்தைப் பார்த்ததும் பாதி வயிறு நிறைந்தது. மீதிப் பாதியை அந்தக் கடை கெடுத்தது. அங்கே எப்போது போனாலும் இட்லி உண்டு. பதினொரு மணிக்கும் உண்டு, சாயங்காலம் நாலு மணிக்கும் உண்டு. அதை ஒரு வசதி என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டைவிட்டது. அந்தத் தெருவில் இட்லி கேட்டு வருகிற ஆட்கள் என்னைப் போல நாளுக்கு முப்பது பேர் இருந்தால் அதிகம். விற்காத இட்லி திரும்ப ஆவியில் ஏறும், சாம்பார் மூன்றாம் தடவை கொதிக்கும். சட்னியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அக்டோபருக்குள் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு, நாலு கிலோ இறங்கிவிட்டேன். நான் பழுது பார்த்துக்கொடுத்த மெஷினிலேயே என் ரத்தத்தை ஓட்டிப் பார்க்கிற நிலைமை.

அந்த லேபில் இருந்த டெக்னீஷியன் சேச்சி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்தார். சொன்னேன். "கோழிக்கோட்டு வந்நிட்டு இட்டலியோ?" என்று சிரித்தார். அப்புறம் சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்: "இங்க மீன் காலையில வரும். பன்னெண்டரைக்கு ஊண். ரெண்டு மணிக்கு எல்லாம் தீரும். தீருற கடைக்குப் போ. தீராத கடைக்குப் போவாதே."

மீதி இரண்டு வருஷத்தை இந்த ஒரு பேச்சை வைத்துத்தான் ஓட்டினேன்.

அவரே வழியும் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு, முன் அறையில் நாலு மேஜை. வாசலில் 'ஊண் தய்யார்', அதாவது சாப்பாடு ரெடி, என்று மலையாளத்தில் பலகை. கேரளாவில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இந்தப் பலகையைப் பார்க்கலாம். மலையாள எழுத்து பிடிபடுவதற்கு முன்பே அந்த இரண்டு சொல்லின் உருவம் எனக்குப் பழகிவிட்டது. அந்த வீட்டில் பன்னிரண்டு மணிவாக்கில் பலகை வெளியே வரும். சோறு தீர்ந்ததும் உள்ளே போய்விடும்.

முதல் நாள் மேஜையில் ஸ்டீல் டம்ளரில் ரோஸ் நிறத்தில் ஏதோ ஊற்றி வைத்தார்கள். ரோஸ்மில்க்கைச் சூடாகவா கொடுப்பார்கள் என்று முழித்தேன். பதிமுகம் என்கிற மரத்துண்டைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். ருசி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் கொதிக்க வைத்த தண்ணீர் என்று அந்த நிறமே சொல்லிவிடும். வெளியூர்க்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

சோறு குண்டு குண்டாக இருக்கும். பொன்னி அரிசிச் சோற்றைப் பிசைகிற மாதிரி அமுக்கினால் கைக்கு அடங்காது. குழம்பைத் தாராளமாக ஊற்றி, அரை நிமிஷம் ஊறவிட்டு, அப்படியே அள்ள வேண்டும். சாம்பார், ரசம், மோர் என்று படிப்படியாக இறங்குகிற நம்ம வழக்கமும் அங்கே செல்லாது. மாங்காய் போட்டுத் தேங்காய் அரைத்த மத்திக் குழம்பு முதலிலேயே வந்துவிடும். சுற்றிலும் உப்பேரி என்கிற ஒரு பொரியல், சம்மந்தி என்கிற துவையல், ஊறுகாய், பப்படம். மோரை இடையில் ஊற்றிக்கொள்கிறவரும் உண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அடிக்கிறவரும் உண்டு. யாரும் யார் தட்டையும் பார்ப்பதில்லை.

பொரித்த மீன் தனிக் கணக்கு. அந்த வீட்டம்மாவின் மகன் அகலமான அலுமினியத் தட்டில் மீனை அடுக்கி மேஜை மேஜையாகக் காட்டிக்கொண்டு வருவான். அயிலை, மத்தி, மாந்தள். சில நாள் ஐக்கூற, அதாவது நம்ம வஞ்சிரம். எனக்கு எதை எடுப்பது என்று தெரியாது. பக்கத்து மேஜை பஸ் கண்டக்டர் எதை எடுக்கிறாரோ அதையே எடுத்தேன். கண்டக்டர்களும் ஆட்டோக்காரர்களும் ஒரு நாளும் தப்பாக எடுத்து நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வரும், 2018-ல் அது 52 நாள். அப்போது தட்டு இளைத்துவிடும். அந்தம்மாவே, "இன்னு ஓம்லெட் மதி மோனே" என்று சொல்லிவிடுவார். ஐஸில் வந்த மீனைத் தலையில் கட்டாமல் ஓம்லெட் சாப்பிடச் சொன்னார் பாருங்கள், அதற்கப்புறம் வேறு இடம் தேடவில்லை.

பாஷை கொஞ்சம் படுத்தியது. "வெள்ளம் வேணோ?" என்றால் தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம். இது எல்லோருக்கும் தெரிந்த ஜோக். 'கறி' என்றால் அங்கே குழம்பு, கூட்டு எல்லாமே கறிதான். என்னோடு வந்த சுத்த சைவ சகா ஒருவர் பருப்புக் கறியைப் பார்த்து எழுந்தே போய்விட்டார். என்னை உண்மையில் கவிழ்த்தது டீக்கடை. டீ சொன்னதும் கடைக்காரர், "கடி எந்தெங்கிலும்?" என்றார். யாரை, எதற்கு என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். பழம்பொரி, உள்ளிவடை, சுகியன். டீயோடு கடித்துக்கொள்கிற பண்டம் எல்லாம் கடி. பால் இல்லாதது கட்டன். சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்றால் வித்தவுட் என்று ஒரு சொல் போதும்.

பரோட்டா விஷயத்தில் விருதுநகர்க்காரனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும். எண்ணெயில் முக்கிப் பொரித்து மொறுமொறுவென்று எடுத்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவைக் கொட்டி ஊறவைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன். கோழிக்கோட்டில் அடுக்கடுக்காகப் பஞ்சு மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். "சால்னா?" என்றேன். "எந்தா?" என்றார். "சாறு" என்று கேட்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதுவும் சின்னக் கிண்ணத்தில் அளந்து வரும். ஒரு மாதம் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாம் மாதம் சும்மா சாப்பிட்டேன். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேசினால் ஊரில் சேர்க்க மாட்டார்கள்.

பிரியாணியைத் தொடாமல் கோழிக்கோட்டுப் பதிலை முடித்தால் அடிக்க வருவீர்கள். கைம அரிசி என்கிற குட்டை அரிசி, தம் போட்டது, காரம் குறைவு, கூடவே தேங்காய்ச் சம்மந்தியும் ஈத்தப்பழ, அதாவது பேரீச்சம்பழ, ஊறுகாயும் வரும். பாரகன் 1939-லிருந்து நடக்கிற கடை, வரிசையில் நிற்க வேண்டும். சம்பளம் வந்த முதல் ஞாயிறு மட்டும் போவேன். அதோடு நிறுத்திக்கொண்டதும் ஒரு வகையில் சமாளிப்புதான். புது ஊருக்கு வருகிறவர்கள் முதல் மாதமே அந்த ஊரின் பேர் பெற்ற பண்டத்தைத் தினமும் சாப்பிட்டு, வயிற்றையும் பணத்தையும் ஒரே வீச்சில் காலி செய்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் யாரும் அதைத் தினமும் சாப்பிடுவதில்லை.

கஷ்டமான காலம் என்றால் 2018 மே. பேராம்பிரா பக்கம், வௌவாலிலிருந்து தொற்றுகிற நிபா காய்ச்சல் கிளம்பியது. அதே வாரம் நோன்பும் தொடங்கியது. நோன்பு மாதம் பகலில் நிறைய ஹோட்டல்கள் மூடியிருக்கும், அது தெரிந்ததுதான், சாயங்காலம் சமோசாவும் உன்னக்காயும் போட்டுக் கடைத்தெருவே மணக்கும். அந்த வருஷம் அதுவும் சோர்ந்து போனது. பழக்கடைகளில் பழம் அப்படியே கிடந்தது. பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. பதினேழு பேர் போய்ச் சேர்ந்தார்கள். நானோ தினமும் ஆஸ்பத்திரி லேபுக்குள் போய் வருகிற ஆள், கழுத்தில் அடையாள அட்டை வேறு.

நாலு மேஜை வீட்டுக்குப் போனேன். அந்தம்மா வாசலிலேயே நிறுத்தி, கொஞ்ச நாள் உள்ளே உட்கார வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றார். தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, பத்து நிமிஷம் நிற்கச் சொன்னார். மகன் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மதில் மேல் வைத்துவிட்டுப் போனான்.

அறைக்குப் போய்ப் பிரித்தேன். தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு. சூட்டுக்கு இலை கருத்து, அந்த வாடையும் பச்சைத் தேங்காய் எண்ணெய் வாடையும் சோறு முழுக்க ஏறியிருந்தது. ஒரு மூலையில் மடித்த ஓம்லெட், ஒரு மூலையில் சம்மந்தி உருண்டை, நடுவில் பயறு உப்பேரி. வந்த புதிதில் அந்தத் தேங்காய் எண்ணெய் வாடைக்கே மூக்கைப் பொத்தியவன் நான். கடலை எண்ணெய் வீட்டுப் பிள்ளை. அன்றைக்கு இலையை வழித்துச் சாப்பிட்டேன். ஜூன் நடுவில் மறுபடி உள்ளே கூப்பிடும் வரைக்கும் மதியம் அந்த மதில் பொட்டலம்தான்.

காலையும் ராத்திரியும் இந்தியன் காபி ஹவுஸ் காப்பாற்றியது. தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்துகிற கடை, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று ஆரம்பித்தது. கேரளாவில் முதல் கடை 1958-ல் திருச்சூரில். விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு பரிமாறுவார்கள். மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். பயப்பட வேண்டாம், பீட்ரூட். முதல் தடவை பாதியில் வைத்துவிட்டேன், இப்போது உருளைக்கிழங்கு மட்டும் போட்ட மசாலா வெளிறித் தெரிகிறது.

பணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2017-ல் ஊண் 40 ரூபாய், மத்தி பொரித்தது 20. காலையும் ராத்திரியும் தலா ஐம்பதுக்குள். மாதம் ஐயாயிரத்தை ஒட்டி வரும், பிரியாணி ஞாயிறு உட்பட. இட்லிக் கடைக் காலத்தில் மருந்துச் செலவையும் சேர்த்து இதைவிட அதிகம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் பல கடைகள் மூடுவார்கள், பன்னிரண்டுக்கே சாப்பிட்டுவிட வேண்டும். ஹர்த்தால் என்றால் எதுவும் நிச்சயமில்லை. 2019 ஜனவரி 3 சபரிமலை ஹர்த்தாலன்று மூன்று வேளையும் அவல்தான், அறையில் வாங்கி வைத்திருந்த அவலில் பழத்தைப் பிசைந்து பாலை ஊற்றி. மலபாரில் அவில் மில்க் என்று இதையே கடலை தூவிக் கண்ணாடி டம்ளரில் விற்பார்கள். என்னுடையது அதன் ஏழைத் தம்பி.

இப்போது ஹூப்ளியில் இருக்கிறேன், வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே ஊண் பலகை கிடையாது, கானாவளி என்று எழுதியிருக்கும். எதிர்த்தாற்போல் 'சவுத் இந்தியன்' என்று போட்ட ஒரு கடை நாள் முழுக்கத் திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு மணிக்கு உள்ளேயிருந்து சோள ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், பாசிப்பயறு, வேர்க்கடலைப் பொடி. பொடியில் தயிரை விட்டுக் குழைத்துக்கொள்ள வேண்டுமாம். எதிரில் இருந்த லாரி டிரைவர் செய்ததைப் பார்த்துச் செய்தேன். ஒன்றே முக்காலுக்குக் கத்திரிக்காய் தீர்ந்துவிட்டது.