'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது?

செல்பேசிக்குப் போடுவது சார்ஜ். பஸ்ஸில் கொடுப்பதும் சார்ஜ். கூட்டத்தின் மீது போலீஸ் நடத்துவது லத்தி சார்ஜ், புதிதாக வந்த அதிகாரி எடுத்துக்கொள்வதும் சார்ஜ். அகராதியில் இவற்றுக்கு நேரே இருபது பொருள் வரிசையாக நிற்பதைப் பார்த்து மனப்பாடம் செய்ய முயன்றால் நிற்காது. வேரைப் பிடித்துவிட்டால் மனப்பாடமே வேண்டாம்.

லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைச் சொல்ல அதிலிருந்து ஒரு வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து 'சார்ஜ்' ஆனது. கார், கார்கோ, கேரி எல்லாம் அதே குடும்பம். ஆக, அடிப்பொருள் 'சுமை ஏற்றுதல்' ஒன்றுதான். யார், எதை, எதன் மேல் ஏற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மேல் பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, வேலையை ஏற்றினால் பொறுப்பு, பணம் கொடுக்கும் கடமையை ஏற்றினால் கட்டணம். சொத்தின் மேல் கடனை ஏற்றினால் வில்லங்கம். பேட்டரியில் ஏற்றுவது மின்சாரம். எதிராளி மேல் முழு வேகத்தோடு பாய்ந்தால் தாக்குதல்.

தமிழும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. 'பொறுப்பு' என்ற சொல்லே தாங்குதல் என்ற பொருளுள்ள 'பொறு'விலிருந்து வந்தது. குற்றத்தையும் 'சுமத்து'கிறோம். 'அவர் மேல் வழக்கு', 'வீட்டின் மேல் கடன்', 'ஆள் மேல் பாய்ந்தான்' என்று எல்லா இடத்திலும் ஒரு 'மேல்' வந்து உட்காருவதைக் கவனியுங்கள். ஆங்கில வாக்கியத்தில் 'சார்ஜ்' வந்தால் அந்த 'மேல்' எங்கே விழுகிறது என்று தேடினால் பாதி மொழிபெயர்ப்பு முடிந்தது.

மீதிப் பாதி, கூட வரும் சிறு சொல்லில் இருக்கிறது. 'சார்ஜ் ஃபார்' என்றால் கட்டணம். 'சார்ஜ் அட்' என்றால் பாய்தல். 'சார்ஜ் டு' என்றால் யாருடைய கணக்கில் எழுதுவது என்ற பேச்சு. அதிகம் பேர் தடுமாறுவது 'சார்ஜ்டு வித்'தில். 'சார்ஜ்டு வித் மர்டர்' என்றால் அந்த ஆள் மீது கொலைக் குற்றச்சாட்டு. 'சார்ஜ்டு வித் இன்வெஸ்டிகேட்டிங் த மர்டர்' என்றால் அந்தக் கொலையைத் துப்புத் துலக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இரண்டிலும் 'வித்'தான். ஆனால் முதலாமவர் கூண்டில் நிற்பவர், இரண்டாமவர் விசாரிக்கும் அதிகாரி. 'வித்'துக்குப் பிறகு வருவது குற்றத்தின் பெயரா, செய்யவேண்டிய வேலையா என்று பார்க்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

இதேபோல ஒரே ஒரு 'த' தலைகீழாக்கும் இடமும் உண்டு. 'நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த பேஷண்ட்' என்றால் பொறுப்பு நர்ஸுடையது. 'பேஷண்ட் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்' என்றால் நோயாளி அவருடைய பராமரிப்பில் இருக்கிறார். 'த'வைத் தவறவிட்டால் நோயாளியே நர்ஸைக் கவனித்துக்கொள்வதாக ஆகிவிடும்.

குற்றம் என்ற பொருளில் வரும்போது ஒத்த சொற்களை மாற்றி மாற்றிப் போடுவது ஆபத்து. 'அக்யூஸ்' யாரும் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் செய்தாலும் அது அக்யூஸ்தான். அதற்குப் பின்னால் 'ஆஃப்' வரவேண்டும், 'வித்' அல்ல. 'அலெஜ்' என்பது இன்னும் நிரூபிக்கப்படாத ஒன்றைச் சொல்வது. 'கூறப்படும்' என்ற சொல் பொருந்தும். 'சார்ஜ்' சட்டச் சொல்லாக வரும்போது, அதிகாரம் உள்ளவர் முறைப்படி சாட்டியது என்று பொருள். நம் நாட்டில் இதற்குப் படிகள் இருக்கின்றன. முதல் தகவல் அறிக்கை பதிவானால் அது 'புக்டு', அதாவது வழக்குப் பதிவு. புலன்விசாரணை முடித்து போலீஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. அதைப் படித்து, இன்னின்ன பிரிவில் விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்து எழுதுவது 'ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜ்'. நீதிமன்றத் தமிழில் 'குற்றச்சாட்டு வனைதல்'. இந்த 'வனைதல்' அருமையான சொல். குயவர் பானை வனைவதுபோல, கையில் இருக்கும் மண்ணுக்கு வடிவம் கொடுப்பது. வழக்குப் பதிவான அன்றே 'குற்றம் சாட்டப்பட்டார், நீதிமன்றம் உறுதிசெய்தது' என்ற தொனியில் செய்தி எழுதினால், இன்னும் இரண்டு படி தாண்டாத ஒருவரைத் தாண்டியவராகக் காட்டுகிறோம். தேதியும் முக்கியம். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், காவலில் இருப்பவர் ஜாமீன் கோரிப் பெற உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்த பிறகும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

பணம் என்ற பொருளில் தமிழுக்குக் 'கட்டணம்' ஒன்றே போதும், ஆங்கிலத்துக்குப் போதாது. பயணத்துக்கு 'ஃபேர்', டாக்டர், வக்கீல், பள்ளிக்கு 'ஃபீ', சாலைக்கும் பாலத்துக்கும் 'டோல்', பொருளுக்கு 'ப்ரைஸ்', மற்ற சேவைகளுக்கு 'சார்ஜ்'. நாம் சொல்லும் 'பஸ் சார்ஜ்' ஆங்கிலத்தில் 'பஸ் ஃபேர்'. ஆங்கிலத்தில் எழுதும்போது திருத்திக்கொள்ளுங்கள், தமிழ்ப் பேச்சில் அது நிலைத்துவிட்ட சொல். அதைத் திருத்த வேண்டியதில்லை. பன்மையில் 'சார்ஜஸ்' என்று மட்டும் இருந்தால் வினையைப் பாருங்கள். 'டிராப்' என்றால் குற்றச்சாட்டைக் கைவிடுதல், 'வெய்வ்' என்றால் கட்டணத் தள்ளுபடி, 'லெவி' என்றால் கட்டணம் விதித்தல். 'லெவல்' என்றால் குற்றம் சுமத்துதல். 'லெவி'யும் 'லெவல்'லும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் செய்தி மொழிபெயர்ப்பில் அடிக்கடி வழுக்கும் இடம் இது.

அலுவலகத்தில் 'அடிஷனல் சார்ஜ்' கூடுதல் பொறுப்பு, 'இன்சார்ஜ் ஹெச்.எம்.' பொறுப்புத் தலைமை ஆசிரியர். பின்னதை வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'ஆக்டிங்' என்று போட்டால்தான் புரியும். 'இன்சார்ஜ்' ஒரு ஆளின் பெயராக வருவது நம் பக்கத்து வழக்கம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் 'சார்ஜ்டு எக்ஸ்பெண்டிச்சர்' என்பதைக் 'கட்டணச் செலவு' என்று எழுதிவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 112(3) பிரிவு சொல்வது, இந்தியத் தொகுப்பு நிதியின் மேலேயே ஏற்றிவைக்கப்பட்ட செலவு. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவை இதில் வரும். நாடாளுமன்றம் இவற்றை விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. இங்கேயும் சுமைதான், நிதியின் முதுகில். நிறுவனச் சட்டத்தில் வரும் 'சார்ஜ்'உம் அப்படியே, கடனுக்காக நிறுவனச் சொத்தின் மேல் ஏறும் பிடி. 2013 சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி அதை 30 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும்.

இயற்பியலுக்கு வந்தால், துப்பாக்கிக் குழலில் மருந்து நிரப்புவதும் 'சார்ஜ்'தான். மின்சாரத்தைப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பெஞ்சமின் பிராங்க்ளின் 'சார்ஜ்', 'பேட்டரி' என்று படைக்களச் சொற்களைப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டுப் பாடநூல் இதை 'மின்னூட்டம்' என்கிறது, இலங்கைப் பாடநூல் 'மின்னேற்றம்' என்கிறது. இலங்கைச் சொல்லில் வேரின் 'ஏற்றுதல்' அப்படியே நிற்கிறது. பொருத்தத்தில் அதற்கே என் வாக்கு. 'எலக்ட்ரிக் சார்ஜ்' என்பதை 'மின்கட்டணம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது மாதாமாதம் நாம் கட்டுவது. மின்னூட்டத்தின் அலகு கூலும். செல்பேசியில் போட்டிருக்கும் 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்பதும் மின்னூட்டக் கணக்குதான்: 5 ஆம்பியர் × 3,600 வினாடி = 18,000 கூலும்.

நீங்கள் புரிந்துகொண்டீர்களா என்று சோதிக்க 'டிஸ்சார்ஜ்' நல்ல உரைகல். இறக்கிவைத்தல் என்று மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளி வீடு திரும்புகிறார், பேட்டரி இறங்குகிறது, புண்ணிலிருந்து சீழ் வடிகிறது, அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை கன அடி தண்ணீர் வெளியேறுகிறது, கடன் தீர்கிறது. நீதிமன்றத்தில், குற்றச்சாட்டு வனையும் முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பது 'டிஸ்சார்ஜ்', முழு விசாரணைக்குப் பின் குற்றவாளி அல்ல என்று சொல்வது 'அக்விட்டல்'. முன்னதற்கு 'விடுவிப்பு', பின்னதற்கு 'விடுதலை' என்று பிரித்து எழுதுங்கள்.