ஜியாலஜி படிக்கும் மகளுக்கு பெங்களூருவில் என்ன வேலை?

ராமமூர்த்தி நகரிலிருந்து கேட்டிருக்கும் அப்பாவுக்கு,

மகள் பி.எஸ்சி. ஜியாலஜி கடைசி ஆண்டு. கட்டடம் எழும்பும் முன் அந்த இடத்தின் தண்ணீரையும் மாசையும் ஆராயும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். ஆறு மாதம் கோடிங் படித்தால் ஒயிட்ஃபீல்டில் உட்காரலாமே என்பது உங்கள் கவலை. அவள் சொல்வது நிஜமான வேலைதான். ஆனால் பி.எஸ்சி.யோடு அதில் நின்றுவிட முடியாது. முதல் சில வருடங்கள் பாதி நாள் வெயிலில் போகும். தொடக்கச் சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிட்டால் மனம் கசக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேலை எங்கிருந்து வருகிறது? கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்று அதில் கணக்குக் காட்ட வேண்டும். 200 வீட்டு அபார்ட்மென்டில் வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு 1,35,000 லிட்டர். காவிரி வராத நாளில் 12,000 லிட்டர் டேங்கர் பதினொன்றுக்கும் மேல். 2024 கோடையில் பெங்களூருவின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்னொரு பக்கம், தொழிற்சாலைக்கோ கிடங்குக்கோ நிலம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பழைய மாசு தங்கள் தலையில் விழக்கூடாது என்று தனி ஆய்வு கேட்கின்றன. அந்த இரண்டாவது வகையில்தான் ஜியாலஜி படித்தவருக்கு மதிப்பு அதிகம்.

அது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் மண்ணைத் தொடுவதே இல்லை. பழைய கிராம வரைபடம், பஹணி (கன்னடத்தில் இருக்கும் நிலப் பதிவேடு), சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள், பல வருடத்து செயற்கைக்கோள் படங்கள், அக்கம்பக்கத்தாரிடம் விசாரணை, இடத்தைச் சுற்றி ஒரு நடை. மெஜஸ்டிக் பஸ் நிலையமும் கண்டீரவா ஸ்டேடியமும் ஒருகாலத்தில் ஏரிகள். இந்த ஊரில் ‘சைட்’ என்று விற்பது முன்பு என்னவாக இருந்தது என்று காகிதத்தில்தான் தெரியும். தொழிற்பேட்டையான பீன்யா பக்கம் என்றால் முலாம் பூசும் பட்டறை இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும், அங்கே நிலத்தடி நீரில் ஆறிணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) கண்டறியப்பட்டிருக்கிறது. ஏரிக்கும் ராஜகால்வாய்க்கும் (பெரிய மழைநீர் வடிகால்) விட வேண்டிய இடைவெளியும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்றது, 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அறிக்கை எழுதும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் மகளுக்குக் கன்னடம் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வருமா? நம் பிள்ளைகள் பலர் இடறுவது இங்கேதான். பஹணியை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தால் பாதி வேலை அவர் கையில்.

இரண்டாம் கட்டம் துளையிடுவது. நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் குழாய்கள் வேண்டும், அவை ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் ஆயிரம் அடி போர்வெல்லில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வருவது இந்தத் துறையின் பெரிய சோம்பேறித்தனம். பெங்களூருவின் அடியில் இருப்பது நைஸ் (gneiss) என்னும் கடினப் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில் ஓடுகிறது. ஆழ போர்வெல்லில் பல வெடிப்புகளின் நீர் கலந்து வருவதால், மேலடுக்கு மண்ணில் தேங்கிய மாசு நீர்த்துப்போய் கண்ணில் படாமல் தப்பிவிடும். மேலுக்குத் தனிக் குழாய், ஆழத்துக்குத் தனிக் குழாய் போட வேண்டும்.

மாதிரி எடுக்குமுன் குழாயில் தேங்கிய நீரை, பொதுவாக அதன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு, இறைத்துக் கொட்டுவார்கள். 10 செ.மீ. விட்டக் குழாயில் 6 மீட்டர் நீர் நின்றால் 47 லிட்டர். ஆக, சுமார் 140 லிட்டர் வெளியே போன பிறகுதான் பாட்டில். மொத்த உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்குவார்கள். அதே அமில பாட்டிலில் ஆறிணைதிறன் குரோமியத்துக்கும் பிடித்தால் அது மூவிணைதிறனாக மாறி, ‘மாசு இல்லை’ என்று பொய் முடிவு வரும். நைட்ரேட் பாட்டில் ஐஸ் பெட்டியில் 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பக்கத்தில் செப்டிக் டேங்க் கசிந்தால் முதலில் ஏறுவது பெரும்பாலும் இதுதான்.

இதையெல்லாம் அளந்துவிட்டு, கட்டடக்காரருக்கு வழி சொல்வதும் அவள் வேலை. மாசுபட்ட மண்ணில் மழைநீர்ப் பள்ளம் தோண்டினால் மழையே நஞ்சைக் கீழே தள்ளும். பேஸ்மென்ட் தோண்டும்போது நீரை இறைத்தால் பக்கத்து பட்டறையின் மாசு இந்தப் பக்கம் இழுபட்டு வரும்.

படிப்பைப் பொறுத்தவரை எம்.எஸ்சி. அப்ளைடு ஜியாலஜி அல்லது ஹைட்ரோஜியாலஜி (நிலத்தடி நீர் பற்றிய படிப்பு). ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்று பெயர் வைத்த பளபளப்பான படிப்புகளில் கள வேலை எத்தனை நாள் என்று கேளுங்கள், பதில் இழுத்தால் விட்டுவிடுங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு, பிப்ரவரியில் நடக்கும், ஜியாலஜி தாள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்திலும் அப்ளைடு ஜியாலஜி இருக்கிறது. அரசு வேலை வேண்டுமென்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் கம்பைன்டு ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஹைட்ரோஜியாலஜி பணியிடங்கள் அதில் வரும், வயது 21 முதல் 32. கூடவே வரைபடம் தயாரிக்கும் க்யூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள், இலவசம்தான், இப்போதே தொடங்கலாம்.

தனியார் நேர்காணலில் அவள் கேட்க வேண்டியவை இரண்டு. மாதிரிகள் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து ஏற்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேபுக்குப் போகின்றனவா? பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று நேரத்தோடு கையெழுத்திடும் படிவம் உண்டா? ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர் பில்டர், அறிக்கை சாதகமாக வரவேண்டும் என்பது அவர் விருப்பம். இந்த இரண்டும் இல்லாத அலுவலகத்தில் அந்த விருப்பம் சுலபமாக நிறைவேறும், கீழே கையெழுத்து மட்டும் உங்கள் மகளுடையதாக இருக்கும். கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால், அறிக்கை டைப் செய்யும் மேஜையை விட்டு துளையிடும் ரிக் வண்டியோடு அனுப்பச் சொல்லிக் கேட்கட்டும். நீளக்கை சட்டை, பூட்ஸ், தொப்பி மூன்றும் வாங்கிக் கொடுங்கள்.