அப்பாவுக்கு 48 வயதில் மலக்குடல் புற்றுநோய்: எனக்கு இருக்கும் மூலம் புற்றுநோயாக மாறுமா?

மூலம் புற்றுநோயாக மாறாது. ஆனால் 35 வயதான உங்களுக்கு மூன்று வாரமாக மலத்தோடு இரத்தம் போகிறது என்கிறீர்கள். அதனால் கொலனோஸ்கோபியை (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) 38 வயதுக்குத் தள்ளிப்போடாதீர்கள், இப்போதே மருத்துவரைப் பாருங்கள்.

அப்பாவுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, அதாவது 38 வயதில் பரிசோதனை என்று உங்களுக்குச் சொன்ன கணக்கு சரிதான். அது எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கான கணக்கு. 35 வயதில் இரத்தம் போவதற்குப் பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் காரணமாக இருக்கும். ஆனால் மூலமும் புற்றுக்கட்டியும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம், வெறும் இரத்தத்தின் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

பெரும்பாலான மலக்குடல் புற்றுநோய் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியில்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்போல ஆகும். பரிசோதனையின்போதே அதை எடுத்துவிடலாம், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அப்புறம், அப்பாவின் பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) அறிக்கையைத் தேடி எடுங்கள். குடும்பத்தில் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் லிஞ்ச் சின்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறுக்கான சோதனை செய்தார்களா என்று பாருங்கள். நெருங்கிய உறவில் யாருக்காவது பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்ததா என்றும் விசாரியுங்கள். அந்த மரபணுக் கோளாறு இருந்தால் பாலிப் வேகமாக மாறும், பரிசோதனையும் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும்.

சிகரெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆம், அதுவும் ஆபத்தைக் கூட்டும். மதுவும் உடல் பருமனும் பதப்படுத்திய இறைச்சியும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் கவனம்: மலத்தில் இரத்தம் பார்க்கும் சோதனை 'நெகட்டிவ்' என்று வந்தாலும், கண்ணுக்குத் தெரிந்து இரத்தம் போகும்போது அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.