தொளதொள ஸ்வெட்டர்: அகலம் வேண்டும், நீளம் வேண்டாம்

கேள்வி: என் மார்பளவு 38 அங்குலம். 90-களின் ஹிப்-ஹாப் பாணிக்காக டபுள் எக்ஸ்எல் ஸ்வெட்டர் வாங்கினேன். போட்டால் அண்ணன் உடுப்பை மாட்டிக்கொண்டது போல் இருக்கிறது. எங்கே தப்பு?
– வாசகர், பெங்களூரு

பதில்: சைஸை ஏற்றி வாங்கியதில்தான் தப்பு. இன்றைய கடை ஸ்வெட்டரில் சைஸ் கூடக் கூட அகலத்தோடு உடல் நீளமும் கை நீளமும் கூடிவிடும். பழைய ஸ்வெட்டர்கள் பலவற்றின் வெட்டே வேறு: அகலம் தாராளம், நீளம் குட்டை, தோள் தையல் கீழே இறங்கியிருக்கும். ஆகவே லேபிளை நம்பாமல் டேப்பை எடுங்கள். ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்தால் உங்களுக்கு 23 முதல் 25 அங்குலம் வர வேண்டும். அதாவது சுற்றளவு உடம்பைவிட 8 முதல் 12 அங்குலம் அதிகம். தோள் தையல் தோள் எலும்பின் முனைக்கு 2, 3 அங்குலம் கீழே விழலாம். உடல் நீளம் பேன்ட் ஜிப்பின் பாதியோடு நிற்க வேண்டும். தொடையை மறைத்தால் கால் குட்டையாகத் தெரியும். உங்களை உறுத்துவது அநேகமாக இதுதான்.

வாங்கியதை வீணாக்க வேண்டாம். கீழே உள்ள ரிப் பட்டையை உள்பக்கமாக மடித்து இடுப்புக்கு ஏற்றிவிடுங்கள். துணி மேலே தளர்ந்து விழும், நீளம் குறையும். கை நீளமாக இருந்தால், மணிக்கட்டுப் பட்டையின் உள்பக்கம் எலாஸ்டிக் நூலால் இரண்டு மூன்று வரிசை ஓட்டுங்கள். பட்டை மணிக்கட்டிலேயே நின்றுவிடும், மிச்சத் துணி அதற்கு மேல் மடிந்து உட்காரும். நூலை லேசாக மட்டும் இழுங்கள், இறுக்கினால் சுருக்கம் விழும். நீளத்தைக் குறைக்கிறேன் என்று கத்தரி மட்டும் வைக்காதீர்கள். பின்னல் துணி வெட்டிய இடத்திலிருந்து கண்ணி கண்ணியாக அவிழும்.

கீழே ஒட்டிய ஜீன்ஸ் போட்டால் குச்சியில் பலூன் கட்டியது போலாகிவிடும். கால் விளிம்பைத் தட்டையாக வைத்து அளந்தால் 8.5 முதல் 9.5 அங்குலம் வரும் நேர்வெட்டு ஜீன்ஸ் போடுங்கள். அடிப்பாகம் தடித்த ஷூ அந்த அகலத்தைத் தாங்கும். உள்ளே வெள்ளை டி-சர்ட் அணிந்தால் கீழே ஒரு அங்குலம் தெரியட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: கூகி பிராண்டு மாதிரி பல வண்ண ஸ்வெட்டருக்கு எந்த நிறப் பேன்ட்?
– வாசகி, டொராண்டோ

பதில்: ஸ்வெட்டரில் இருக்கும் நிறங்களிலேயே மிக அடர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் கருநீலம், கறுப்பு, அடர்பழுப்பில் ஒன்றாக இருக்கும். கோடு, கட்டம், பெரிய எழுத்து வேறெங்கும் வேண்டாம். 1969-இல் மெல்போர்னில் தொடங்கிய நிறுவனம் கூகி. 90-களில் நியூயார்க் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. அணிந்த பிறகுதான் அது ஹிப்-ஹாப் தெரு ஃபேஷனின் அடையாளமானது. அதன் அழகு நிறத்தில் மட்டும் இல்லை, மேடும் பள்ளமுமாகப் புடைத்து நிற்கும் பின்னலில் இருக்கிறது. பழையது வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள், பிறகு உள்பக்கம் திருப்புங்கள். மேற்பரப்பு வழவழவென்று தட்டையாகவும் உள்பக்கம் வெளுத்தும் இருந்தால் அது துணியில் அச்சடித்த படம்.

கேள்வி: சென்னையில் இதெல்லாம் சாத்தியமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பருத்திப் பின்னலாக இருந்தால் மார்கழி இரவில் சாத்தியம். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, உடம்பு புழுங்கும். லேபிள் இல்லாத ஸ்வெட்டரில் உள் தையலிலிருந்து ஒரு நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகும் வாடை என்றால் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக் போன்ற செயற்கை இழை.

கேள்வி: கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டேன், குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீட்க முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: அந்த அளவுக்குச் சுருங்கியதை மீட்க முடியாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி கெட்டியாகிவிடும். கொஞ்சமே சுருங்கியது என்றால் வெதுவெதுப்பான நீரில் முடிக்கான கண்டிஷனர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, மெதுவாக இழுத்துப் பரப்பலாம், ஓரளவு தளரும்.

அடுத்ததைக் காப்பாற்றுங்கள். 30 டிகிரிக்கு மேல் சூடில்லாத நீர், கம்பளிக்கான திரவ சோப்பு, கையால் அமுக்கி அலசல். தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டின் மேல் விரித்து, பாய் போல் சுருட்டி அழுத்தினால் நீர் துண்டுக்குள் போய்விடும். பிறகு நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துங்கள். ஈரத்தோடு கொடியில் போட்டால் தன் எடையிலேயே நீண்டு, நீங்கள் தவிர்க்க நினைத்த அந்த நீளம் வந்துவிடும். காய்ந்ததும் ஹேங்கரில் தொங்கவிடாமல் மடித்து வையுங்கள்.